கல்யாணத்துக்குப் போட்ட மாவுக்கட்டு

என் மகனுக்கு அம்மா எழுதுவது,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு நீயும் சுமதியும் வருகிறீர்கள் என்று முதல் பக்கத்தில் படித்ததுமே உன் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டார். கை கழுவினாரா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான். நான் இரண்டாம் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் காலில் கட்டுப் பிரித்த பிறகும் வீக்கம் வற்றவில்லை என்று சுமதியிடம் சொல்லிக்கொள்ளலாம், எலும்பு முறிந்த காலில் அப்படி வீக்கம் நிற்பது உண்டுதான், அவள் நம்பிவிடுவாள், கேட்டால் நீயும் அதையே சொல்லிவிடு அம்மா என்று எழுதியிருந்தாய். உன் கையெழுத்து அந்த இடத்தில் மட்டும் பொடிசாக இருந்தது. சின்ன வயதில் கணக்கில் விடை தெரியாதபோதும் இப்படித்தான் பொடிப்பொடியாக எழுதுவாய்.

முடியாது என்று ஒரு வரியில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் ஆயுசு பூராவும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். ஒரு வரியை ஒன்பது தரம் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும் எனக்கு. அதனால் பொறுமையாகப் படி. ஆராய்ச்சிக் கூடத்தில் நின்றுகொண்டு படிக்காதே. வீட்டுக்குப் போய், காப்பி குடித்துவிட்டுப் படி.

என் கால் எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கம். நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. தொடை இடுக்கில் நெறி கட்டி, இடது கால் முழங்கால் வரைக்கும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டது. கால் மட்டும் பழைய கால் ஆகவில்லை. கொலுசு ஏறவில்லை. மறுபடி ஒரு காய்ச்சல், இன்னும் கொஞ்சம் வீக்கம். யானைக்கால் என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்து உலை வைத்தேன். அப்புறம் கொல்லையில் துணி துவைக்கும்போது அழுதேன். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்தில் உன் அப்பாவுக்குக் கேட்கவில்லை.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் வேறு என்ன செய்வாள். கால் வற்றும்வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அப்போதெல்லாம் பாதை இப்போது இருக்கிற அளவுக்குக்கூட இல்லை. ஜல்லி, நெருஞ்சி முள், மழை பெய்தால் சேறு. சுற்றிவிட்டு வந்து பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சில நாளில் நெறி கட்டும், காய்ச்சல் வரும், கால் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும். ஏன் பலிக்கவில்லை என்று யோசித்தேன். என் பக்தி கம்மி என்று தோன்றியது. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் மெதுவாக, இன்னும் ஜாஸ்தி நேரம் நடந்தேன். வருஷக்கணக்காக இப்படியே என் காலை நானே கெடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. கும்பிடப் போகிறவளை யார் தடுப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் அதை வைத்துச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். கோயில் யானை தெருவில் போனால் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கி அதைப் பார்த்துவிட்டு, அப்படியே தலையைத் திருப்பி என் புடவைக்குக் கீழே பார்க்கும். “அதுக்கு நாலும் அப்படி, எனக்கு ஒண்ணுதான். போய் உக்காரு” என்பேன். அதுகளும் சிரிக்கும், நானும் சிரிப்பேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.

நீ மெட்ராஸுக்குப் போய்ப் படித்து, ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, எதைப் பற்றி என்று நாங்கள் கேட்டபோது முதலில் மழுப்பினாய். பிறகு நிணநீர்க் குழாய்கள் என்றாய். ரத்தக் குழாய் தெரியும், அது என்ன நிணநீர் என்று உன் அப்பா கேட்டார். சதையில் தேங்குகிற நீரை உறிஞ்சி மறுபடி ரத்தத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற வாய்க்கால், அதிலும் கண்ணுக்கே தெரியாத கடைசிக் கிளைகளைத்தான் பார்க்கப் போகிறேன் என்றாய். பேசிக்கொண்டே என் காலை ஒரு தரம் பார்த்தாய், உடனே தட்டைப் பார்த்துக்கொண்டாய். எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்கு அடுத்த லீவில்தான் என் பாதத்தைத் தினசரித் தாளில் வைத்து அளவு வரைந்துகொண்டு போனாய். திரும்பி வரும்போது மெத்தென்று உள்ளே துணி தைத்த, வார் வைத்த செருப்பு ஒன்று கொண்டுவந்தாய். அந்தச் சின்னக் குழாய்களுக்குத் தானாகத் துடிக்கிற சக்தி கிடையாது, சுற்றியிருக்கிற சதை அசைந்தால்தான் அவை அசையும், அதனால் நடப்பது நல்லதுதான், வெறுங்காலோடு நடந்து புண்ணாக்கிக்கொள்வதுதான் கெடுதல் என்று விளக்கினாய். எல்லாம் சரி, செருப்புப் போட்டுக்கொண்டு மலை சுற்றுவதா என்று நான் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன். நீ விடவில்லை. நானும் செருப்பு போட்டுக்கிட்டு வரேன், பாவம் வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும் என்றாய்.

மலை சுற்றுகிற வழியில் அடி அண்ணாமலை தாண்டும்போது நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் நம் காலைப் பார்த்துவிட்டு, “செருப்பு போட்டுக்கினு சுத்துறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?” என்று கேட்டார். கூட நடந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். நீ அதற்குள் தரையில் உட்கார்ந்து, என் புடவையை நாலு விரல் உயர்த்தி, அத்தனை பேர் முன்னாலும் காலைக் காட்டினாய்.

“பாருங்க. எங்கம்மா காலுங்க இது. இதுக்கு இது செருப்பு இல்ல, மருந்து.”

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தனை வருஷம் நான் புடவையை இழுத்து இழுத்து மறைத்து வைத்ததை நீ ஒரு நொடியில் நடுத்தெருவில் திறந்துவிட்டாய். அந்த மனிதர் எழுந்து நின்று, பெஞ்சைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மிச்சம் இருந்த பாதையை நடக்கும்போது எனக்குக் கால் கனக்கவே இல்லை. இது பொய் இல்லை. வேண்டுதல் பலித்தது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உன் ஆராய்ச்சிக்கு நோய் வந்த காலிலிருந்து சதை வேண்டும் என்று தெரிந்தபோது, நான்தான் என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். புண் ஆறாது என்று நீ பயந்தாய். கொடுக்க முன்வந்த மற்றவர்களுக்கும் புண் ஆறாதுதானே என்று கேட்டேன். டாக்டராக இருக்கிற உன் சிநேகிதன் மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவுக்கு ஒரு துணுக்கு எடுத்தான். எடுத்த கையோடு நீ அதைச் சின்னப் புட்டியில் இருந்த மருந்தில் போட்டாய். கொஞ்சம் தாமதித்தாலும் உள்ளே இருக்கிற அமைப்பெல்லாம் குலைந்துவிடும், உயிரோடு இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்திவிட வேண்டும் என்றாய். என்னைப் படுக்க வைத்துவிட்டு அந்தப் புட்டியோடு ஓடினாய் பார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புண்ணில் வாரக்கணக்காக நீர் கசிந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

பிறகு ஒரு நாள் உன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு என்னை அழைத்துப் போனாய். கட்டியாக உறைய வைத்த பிசினுக்குள் என் சதைத் துணுக்கு கடுகு மாதிரி தெரிந்தது. கண்ணாடியை உடைத்து அதன் விளிம்பையே கத்தியாக வைத்து அதைச் சீவினாய். சீவின துண்டுகள் தண்ணீரில் மிதந்தபோது வெள்ளி நிறமாக மின்னின. வெள்ளியாக இருந்தால்தான் சரியான மெலிசு, ஊதா நிறம் வந்துவிட்டால் கனம், அதைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றாய். அப்புறம் இருட்டறை. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அந்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் முன்னால் என்னை உட்கார வைத்தாய். பச்சை வெளிச்சத்தில் என்னவோ வளைவு வளைவாகத் தெரிந்தது.

“இது உன்னோடதும்மா. உன் காலுக்குள்ள இருக்குற குழாயோட சுவரு” என்றாய்.

எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். என் வகுப்பில் நான்கூட அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. அந்தக் குழாயின் சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். செல்லின் ஓரங்கள் கூரையில் கீற்று மேல் கீற்று படிந்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். ஒட்டியிருக்காது. வெளியே சதையில் இருந்து நூல் நூலாக இழைகள் வந்து அந்த ஓரங்களைப் பிடித்திருக்கும், பந்தலுக்குக் கயிறு கட்டின மாதிரி. சதையில் நீர் சேர்ந்து உப்பினால் இழைகள் இழுபடும், ஓரம் திறக்கும், நீர் உள்ளே போகும். நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும். உன்னுடைய காலில் அந்த இழைகள் நிறைய அறுந்திருக்கின்றன அம்மா, திறந்த கதவு மூடுவதில்லை, உள்ளே போன நீர் அப்படியே வெளியே வந்துவிடுகிறது என்று சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது. இத்தனை நாள் அந்தக் காலை ஒரு தண்டனை என்றே நினைத்திருந்தேன். அது அறுந்துபோன நூல் என்று உன்னால்தான் தெரிந்தது.

அப்போது நீ சொன்ன இன்னொன்று. ரொம்ப அழகாக வந்த படம் ஒன்றைக் காட்டினாய். சுவரில் பெரிய இடைவெளி, பளிச்சென்று. இதுதான் நல்லா இருக்கிறதே என்றேன். நீ அதைக் கிழித்துக் கூடையில் போட்டாய்.

“துணுக்கை எடுக்கும்போது நாம இழுத்ததால திறந்துக்குச்சா, முன்னாடியே திறந்திருந்ததான்னு தெரியலம்மா. தெரியாததை இருக்குதுன்னு காட்டினா அது பொய்தானே.”

ஒரு மாத வேலை வீண் என்று உன் கூட வேலை செய்கிற பையன் முணுமுணுத்தான். நீ கேட்டுக்கொள்ளவில்லை. நான் பஸ்ஸில் ஊர் திரும்புகிற வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நல்லதாக இன்னொரு படம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி பெரிதாகப் போட்டுக் கொடுத்தாய். கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் அது ஏரோப்ளேனில் இருந்து எடுத்த நம் மலையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

இதுவரைக்கும் எழுதினது எல்லாம் சந்தோஷம். இனிமேல்தான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

உனக்கு முதலில் பார்த்த இடம் ஏன் தட்டிப்போனது என்று நமக்கு எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு அந்தக் கால் என்றால் பிள்ளைக்கு வரும், பேரப்பிள்ளைக்கு வரும் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அது கொசுவால் வருவது, வம்சத்தால் வருவதில்லை என்று நீ நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். உன்னைவிட அதைச் சொல்லத் தகுதியானவன் இந்த ஜில்லாவில் யார். நீ போகவில்லை. ரெண்டு நாள் பேசாமல் படுத்திருந்தாய். உன் அப்பா பயந்துவிட்டார். ஆரணியில் சுமதியைப் பெண் பார்க்கப் போனபோது அவர் என்னை அழைத்துப் போகவில்லை. கோயில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும். தன் சைக்கிள் கடையில் டியூப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி அந்த நேரத்துக்கு ஒட்டிவிட்டால் போதும் அவருக்கு. ஒட்டினது கல்யாண நாள்வரை தாங்க வேண்டியிருந்தது.

மாவுக்கட்டு யோசனை அவருடையது இல்லை. உன்னுடையது. கல்யாணத்துக்கு முந்தின நாள், வைகாசி வெயிலில், நம் கூடத்தில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, உன் சிநேகிதன் கட்டுப் போட்டான். நீ பஞ்சு சுற்றினாய். பக்கெட்டில் மாவுத்துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தாய். என் குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, “மூணு நாள்தாம்மா” என்றாய். நான் மறுக்கவில்லை. நீ தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதற்காக அந்தக் காலை மாவில் என்ன, சிமெண்டில் வைத்துப் பூசியிருந்தாலும் சரி என்றிருப்பேன். ஆனால் நீ குனிந்திருந்தபோது உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஒரு தரம்கூட நிமிரவில்லை. அடி அண்ணாமலையில் இதே காலுக்கு முன்னால் உட்கார்ந்தவன்தானா என்று நினைத்தேன்.

கல்யாணத்தில் நடந்த கூத்தும் உனக்குத் தெரிய வேண்டும். எப்படி விழுந்தீங்க என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உன் அப்பா கோயில் படிக்கட்டு என்றார். உன் சிநேகிதன் பாத்ரூம் என்றுவிட்டான். நான் ஒரு அம்மாவிடம் குரங்கு தள்ளிவிட்டது என்றேன். அந்த அம்மா உடனே தன்னை ஒரு குரங்கு துரத்தின கதையை ஆரம்பித்து முகூர்த்தம்வரை விடவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே கால் எரிய ஆரம்பித்திருந்தது. இரண்டாம் நாள் விரல்கள் கட்டுக்கு வெளியே விம்மி நின்றன. கட்டுக்குள் சதைக்கு உப்ப இடமில்லை. அசையவும் இடமில்லை. அந்தக் குழாய்களுக்கு அசைவுதான் உயிர் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. மேடையில் நீ மாலையோடு நிற்பதைப் பார்த்தபோது இதை எப்படிச் சொல்வது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சுமதி நம் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னாலேயே உன் அப்பா சுவரில் இருந்த படத்தை இறக்கி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார். அவள் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். காலையும் மறைத்தாயிற்று, காலுக்குள் இருப்பதையும் மறைத்தாயிற்று. நீங்கள் இருவரும் மெட்ராஸுக்குப் பஸ் ஏறினீர்கள். கட்டைப் பிரிக்க வரவேண்டிய உன் சிநேகிதன் வரவில்லை. அவனுக்கு என்ன அவசரமோ, அவனைக் குறை சொல்லவில்லை. மறுநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் அப்பா வெந்நீர் விட்டு ஊறவைத்து, கடையில் தகரம் வெட்டுகிற கத்திரியைக் கொண்டுவந்து கட்டை வெட்டினார். மாவோடு தோலும் சேர்ந்து வந்தது. அவர் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் வந்த காய்ச்சலைப் போல முன்னால் வந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் ஆனி மாதம் முழுக்கக் கிடந்தேன். உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். புதுசாகக் கல்யாணம் ஆனவன், போகட்டும் என்று. ஆடியில் நீ ஏன் அம்மா கடிதமே காணோம் என்று கேட்டதற்கு, எதிர் வீட்டில் டி.வி. வந்துவிட்டது, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதினேன். இப்போது கால் இடுப்பு வரைக்கும் கனக்கிறது. நீ வாங்கித் தந்த செருப்பு ஏறவில்லை. வார் எட்டவில்லை. இனிமேல் மலை சுற்றுவது என்பது இல்லை. பௌர்ணமிக்கு ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். இன்னொரு காய்ச்சல் இப்படி வந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட்டால் மறைக்க ஒன்றும் இருக்காது, உனக்கும் நிம்மதி என்று எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருக்கிறேன் பார். வேறு தாளில் திருத்தி எழுதியிருக்கலாம். அடித்திருப்பது உனக்குத் தெரியட்டும் என்றுதான் விட்டுவிட்டேன். கோபம் இருந்தது, இப்போது அது அவ்வளவாக இல்லை. வருத்தம் இருக்கிறது. நீ கெட்டவன் இல்லை என்பதுதான் என் வருத்தம். கெட்டவனாக இருந்தால் அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன்.

ஒன்றை உன் அப்பாவிடம்கூட இதுவரை சொல்லவில்லை. கல்யாணத்து இரண்டாம் நாள் சாயங்காலம், நான் மண்டபத்து ஓரத்தில் நாற்காலியில் இருந்தேன். சுமதியின் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பலகாரம் பற்றி, வெயிலைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டிருந்தார். அவர் பார்வை மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த என் விரல்கள் மேல் போய் நின்றது. வீங்கி, தடித்து, மடிப்பு மடிப்பாக. நம் பக்கத்து ஆள் யாருக்கும் அந்த விரல் எதனுடையது என்று தெரியாமல் இருக்காது. கல்யாணம் முடிந்த வீட்டில் இப்போது ரகளை ஆகப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

“கால் குளிருதுங்களா அண்ணி?” என்று கேட்டார்.

வைகாசி மாதம். மேலே மின்விசிறி சூடாகத்தான் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து என் புடவைக் கரையை இழுத்து, விரல்களை மூடி, ஓரத்தைக் கட்டுக்கு அடியில் செருகினார். ஒரு பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி செருகினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே, மெதுவாகச் சொன்னார்.

“சுமதிகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. மாப்பிள்ளை படிச்சவரு, நல்லவரு. அவரே சொல்லிடுவாரு.”

அந்த அம்மாள் வைகாசியில் இருந்து காத்துக்கொண்டிருக்கிறார். அந்த மாவுக்கட்டை நம்பினவர் அந்த மண்டபத்தில் எத்தனை பேரோ, யாருக்குத் தெரியும். யாரை நம்ப வைக்கப் போட்டோமோ அவர் நம்பவில்லை. என் தோல் போனதும் வீண்தான். இதைத் தெரிந்துகொண்டே ஆனி மாதம் பூராவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன் என்றால் என் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

உனக்கு நான் புத்தி சொல்லி நாளாயிற்று. ஒன்றே ஒன்று சொல்கிறேன். சுமதி கெட்டிக்காரப் பெண். உன்னிடம் என்னவோ ஒன்று மூடியே இருக்கிறது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், அது என்ன என்று மட்டும் தெரியாது. தெரியாதபோது ஆளுக்கு என்னென்னவோ தோன்றும். என் கால் அதைவிட எத்தனையோ மேல். பொய்யாக இருக்குமோ என்று சந்தேகம் வந்த ஒரு படத்தையே கிழித்துப் போட்டவன் நீ. இதையும் கிழித்துப் போடு. பெரிய பேச்செல்லாம் வேண்டாம். அடி அண்ணாமலையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னதை வீட்டுப் பெண்ணிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

தீபத்தன்று பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், கூட்டத்தில் அவளை நடத்திக் கூட்டிவராதே. ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். நான் கூடத்தில் நாற்காலி போட்டு, டாக்டர் சொன்னபடி காலை முக்காலி மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருப்பேன். புடவை கணுக்காலுக்கு மேலேதான் இருக்கும். போர்வை போட மாட்டேன். உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருந்து படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

உள்ளே வந்ததும் சுமதி அதைப் பார்ப்பாள். இது என்ன அத்தை, மலையா என்று கேட்பாள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நான் அவளுக்குப் பதில் சொல்ல மாட்டேன். உன்னைத்தான் பார்ப்பேன்.

அம்மா